உளியின் தலை: அதியமான்கோட்டைப் பட்டறைகளும் கணக்கில் ஏறாத காயங்களும்

உளியின் வாயைத் தீட்டாத கொல்லர் கிடையாது. வாய் மழுங்கினால் வேலை ஓடாது என்பதால் அதை அடிக்கடி சாணைக்குக் கொண்டுபோவார். அதே உளியின் மறுமுனையை, சுத்தியல் விழுகிற தலையை, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. தலை கெட்டாலும் வேலை ஓடும். அடிக்க அடிக்கத் தலையின் இரும்பு நசுங்கிப் பக்கவாட்டில் வழிகிறது. ஓரம் சுருண்டு காளான் குடையாக விரிகிறது. சுருண்ட ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் ஓடுகின்றன. ஒருநாள் சுத்தியல் கொஞ்சம் சாய்ந்து விழும்போது அந்த ஓரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சில்லு ஒன்று தெறிக்கும். போகிற வழியில் கண்ணோ கழுத்தோ முன்கையோ இருந்தால் உள்ளே இறங்கிவிடும்.

இதில் உளி செய்தவரின் பிழை எதுவும் இல்லை. வாயை மட்டும் கடினமாக்கித் தலையை மென்மையாக விடுவதுதான் முறை. வாயைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தோய்த்து, பிறகு மெல்லச் சூடு ஏற விடும்போது தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பின்மேல் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஏறும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதுதான் கொல்லரின் பதம். தலைக்கு இந்தத் தோய்ச்சலைக் காட்டக்கூடாது. காட்டினால் சுத்தியலும் கடினம், தலையும் கடினம்; இரண்டும் மோதினால் ஏதாவது ஒன்று கண்ணாடிச் சில்லாகப் பெயரும். ஆகவே தலை நசுங்குவது தெரிந்தே ஏற்றுக்கொண்ட தொல்லை. அதற்கு மருந்தும் எளிது. விரிந்த ஓரத்தைச் சாணையில் பிடித்துச் சீவி, விளிம்பைச் சற்றே சரித்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. உளி, ஆப்பு போன்ற அடிவாங்கும் கருவிகளின் தலை விரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவின் கட்டுமானப் பாதுகாப்பு விதிகள் ஒரே வரியில் சொல்கின்றன. ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பிலும் இதைச் சொல்லித்தான் கொடுக்கிறார்கள்.

அந்த ஒரு நிமிடம் பட்டறையில் ஏன் கிடைப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

சாலையோரத்து உலை

அதியமான்கோட்டை தருமபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் சாலையில் இருக்கிறது. பக்தர்களுக்கு அது காலபைரவர் ஊர். பழைய ஓவியங்களில் நாட்டமுள்ளவர்களுக்குச் சென்றாயப் பெருமாள் கோயில் சுவரோவியங்கள் இருக்கும் ஊர். லாரிக்காரர்களுக்கோ அது ஒரு பிரிவுச்சாலை: பெங்களூருவிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து, பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் செல்லும் 844 இங்கே பிரிகிறது. தெற்கே போனால் தொப்பூர் கணவாய். பாரம் ஏற்றிய வண்டி அந்த ஏற்ற இறக்கத்தில் படும் பாடு கமான் பட்டையிலும் பிரேக்கிலும் தெரியும். அந்தப் பாட்டில்தான் இத்தகைய சாலையோரங்களின் கமான் பட்டறை, வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை எல்லாம் பிழைக்கின்றன. ஊருக்குள் போனால் அரிவாள், களைக்கொத்து, கடப்பாரை காய்ச்சி அடிக்கும் கொல்லுப்பட்டறைகள் உண்டு. இவற்றில் பலவற்றில் முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே. கூட ஒரு பையன், வேலை வந்தால் இன்னொருவர்.

ஊரின் பெயரில் இருக்கும் அதியமானைப் பற்றிய பாடல்களில் ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. புறநானூற்றின் 95-ம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே வேல்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வதுபோல் குத்திய பாட்டு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். நான் அதில் வேறொன்றையும் பார்க்கிறேன். ஓயாமல் உழைக்கும் கருவி ஓயாமல் பழுதாகும், பழுதானது கொல்லனிடம் போகும் என்ற நடைமுறை அந்தப் பாட்டுக்குள் சாதாரணச் செய்தியாக உட்கார்ந்திருக்கிறது. அரசனின் வேல் கொல்லனிடம் போனது. கொல்லனின் சொந்தச் சுத்தியல் யாரிடம் போகும்?

இந்த வட்டாரத்துக்கும் இரும்புக்கும் உறவு புதிதல்ல. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. நாலாயிரம் ஆண்டுத் தொழிலில் நாலாயிரம் ஆண்டுக் காயங்களும் இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கு அகழாய்வு கிடையாது.

"ஒண்ணுமில்லண்ணா, தூசிதான்"

கருவிக் காயங்களில் கண்காயத்தை முதலில் வைக்கிறேன். கையில் பட்ட அடி தெரியும், ரத்தம் வரும், நாலு பேர் ஓடிவருவார்கள். கண்ணில் பட்டது பல சமயம் பட்டவருக்கே தெரியாது.

லாரியின் முன்சக்கரத்துக் கிங்பின் இறுகிப்போனால் அதை ஒரு பஞ்ச் வைத்துச் சம்மட்டியால் அடித்துத்தான் கழற்றுவார்கள். பின் கடினமாக்கப்பட்ட எஃகு. சம்மட்டியின் முகமும் அப்படியே. ஒரு அடி பிசகினால் சில்லு பறக்கும். வேகமாக வரும் மெல்லிய சில்லு கருவிழியைத் துளைத்து உள்ளே போய்விட, துளை தானாக மூடிக்கொள்ளலாம். சுருக்கென்று ஒரு வலி, கொஞ்சம் கண்ணீர். "என்னாச்சு தம்பி?" என்று மேஸ்திரி கேட்டால், "ஒண்ணுமில்லண்ணா, தூசிதான்" என்று பையன் கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வான். பார்வை நன்றாகவே இருக்கும். வாரங்களும் மாதங்களும் போன பிறகு உள்ளே கிடக்கும் இரும்பு கரையத் தொடங்குகிறது. கருவிழிப்படலத்தின் நிறம் மாறும், லென்ஸில் பழுப்புப் புள்ளிகள் விழும், இருட்டில் பார்வை குறையும், கடைசியில் விழித்திரை செத்துப்போகும். கண்ணுக்குள் துருப்பிடிப்பதுதான் இது. மருத்துவத்தில் சிடரோசிஸ் என்கிறார்கள்.

கண்ணுக்குள் அந்நியப் பொருள் புகுவதற்கு உலகெங்கும் முதன்மையான காரணமாக மருத்துவர்கள் குறிப்பது, உலோகத்தின்மேல் உலோகத்தால் அடிப்பதைத்தான். அதனால் ஒரு கண் மருத்துவர் இப்படிப்பட்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்பது. "சுத்தியலால் இரும்பை அடிச்சேன்" என்று பதில் வந்தால், கண் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது, அந்தக் காந்தம் சில்லை உள்ளேயே நகர்த்தி மிச்சமிருக்கும் கண்ணையும் கிழித்துவிடும்.

அதே காந்தம் மருந்தாகவும் இருந்திருக்கிறது. 1624-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் வில்ஹெல்ம் ஃபாப்ரி என்ற பேர்பெற்ற அறுவை மருத்துவர், நோயாளி ஒருவரின் கண்ணிலிருந்து இரும்புச் சில்லை எடுக்க முடியாமல் திணறினார். காந்தக்கல்லை வைத்து இழுக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது அவர் மனைவி மரி கோலினே, அவரும் மருத்துவச்சி. சில்லு வந்துவிட்டது. யோசனை மனைவியுடையது என்று ஃபாப்ரி எழுதியும் வைத்தார், அதற்காகவே அவரை மெச்சலாம். 1892-இல் ஜூரிச்சின் ஓட்டோ ஹாப் ஒரு ராட்சத மின்காந்தத்தையே செய்து நோயாளியை அதன்முன் உட்காரவைத்தார். ஐரோப்பாவின் தொழிற்சாலைகளில் அவ்வளவு கண்கள் போய்க்கொண்டிருந்தன. இதற்கெல்லாம் நடுவில், 1700-இல், தொழில்நோய்களைப் பற்றிய முதல் பெருநூலை எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி கொல்லரின் கண்நோய்க்கும் இடம் கொடுத்தார்.

கிரைண்டர் பொறி வேறு வகை. அது பெரும்பாலும் உள்ளே போகாது. கருவிழியின் மேற்பரப்பில் சூடாக ஒட்டிக்கொண்டு, சில மணி நேரத்தில் தன்னைச் சுற்றித் துருவளையம் போட்டுக்கொள்ளும். இதை எடுப்பதற்குப் பட்டறைகளில் ஒரு கைதேர்ந்தவர் இருப்பார். துணியின் முனையை முறுக்கி எடுப்பார். வராவிட்டால் ஊக்கின் முனை, அதுவும் இல்லாவிட்டால் பிளேடு. பொறி வந்துவிடும். புண் தங்கிவிடும். மேலே விளக்கெண்ணெய் ஒரு சொட்டு.

அந்தப் புண் என்னவாகிறது என்பதற்கு மதுரையிலிருந்து நல்ல சான்று இருக்கிறது. 1994-இன் முதல் 3 மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு கருவிழிப்புண்ணோடு வந்த 434 பேரை ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்குப் புண்ணுக்கு முன் கண்ணில் ஏதோ அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த 297 பேரில் 140 பேருக்குப் பாக்டீரியா, 139 பேருக்குப் பூஞ்சை. பூஞ்சை பிடித்த கண்ணைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்று அந்த மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். நெற்பயிரின் தாளும் மாட்டின் வாலும் பட்டு வந்தவர்களும் இதில் அடக்கம், எல்லாமே இரும்புப் பொறி இல்லை. ஆனால் கருவிழியின் தோல் உரிந்தபின் கிருமிக்கு வயலென்ன, பட்டறையென்ன.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது. கருவிழி உரிந்தவர்களுக்குக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களே குளோராம்பெனிகால் களிம்பு கொடுத்தார்கள். 18 மணி நேரத்துக்குள் களிம்பைத் தொடங்கிய எவருக்கும் புண் வரவில்லை. ஒருநாள் கழித்து வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு வந்தது. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். கண்ணுக்குள் சில்லு என்றால் சேலத்தில் அரவிந்த் மருத்துவமனை உண்டு. தூரம் இங்கே தடையில்லை. "தூசிதான்" என்ற சொல்தான் அந்த 18 மணி நேரத்தையும் விழுங்குகிறது.

கண்ணாடி போட வேண்டியதுதானே என்று கேட்பது சுலபம். உலைக்கு முன் வியர்வையில் அது பனித்துப்போகும். பொறி பட்டுப் பட்டுக் கீறல் விழும். கோடு தெரியாமல் போகும்போது நெற்றிக்கு ஏறிவிடும், அங்கேயே இருக்கும். சிலர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறார்கள். கூச்சத்துக்கு அது போதும். சில்லுக்குப் போதாது. பக்கவாட்டில் திறந்திருக்கும், மலிவான லென்ஸ் உடைந்தால் அதுவே சில்லாகிவிடும்.

பைப் மாட்டிய ஸ்பேனர்

கைக்காயங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன இயந்திரவியல் இருக்கிறது.

அரை அங்குல ஸ்பேனர் பிடிக்க வேண்டிய நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர். பட்டறையில் கைக்குக் கிடைப்பது 13 நம்பர் ஸ்பேனர். இடையில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம். புது நட்டில் பிடிக்கும். நாலு முறை கழற்றி மாட்டிய நட்டில் முனை உருண்டு வழுக்கும். வழுக்காமலிருக்க உடைந்த ஆக்ஸா பிளேடுத் துண்டு ஒன்றை இடையில் செருகுவார்கள். அடுத்து, 25 சென்டிமீட்டர் ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பை மாட்டி ஒரு மீட்டராக்குவார்கள். கையின் பலம் நாலு மடங்காகும். நட்டு திரும்பினால் திறமை. திரும்பாமல் பிளேடு நழுவினால் முழு உடம்பின் எடையும் விரல்முட்டி வழியாகச் சேஸிஸில் போய் மோதும். பைப் போடாதே என்று எழுதிவைத்துப் பயனில்லை. சரியான அளவு ஸ்பேனரும் துருவிளக்கும் எண்ணெய் ஊறும் நேரமும் இருந்தால் பைப்பே தேவைப்படாது, லாரி டிரைவர் தலைமாட்டில் நின்று "இன்னும் எவ்வளவு நேரண்ணா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊறுவதில்லை.

சுத்தியலின் காம்பு வெயிலில் காய்ந்து சுருங்கும். ஆப்பு தளர்ந்தால் தலை கழன்று பறக்கும். இரவில் தண்ணீரில் போட்டு ஊறவைப்பது வழக்கமான வைத்தியம். காலையில் இறுக்கமாக இருக்கும், மதியத்தில் மறுபடி தளரும். ஒவ்வொரு முறை ஊறி உலரும்போதும் மரநார் நைந்துபோவதால் மறுநாள் முன்னைவிடத் தளர்ச்சிதான் மிஞ்சும்.

கிரைண்டரைக் கைக்கருவிகளோடு சேர்ப்பதா, இயந்திரத்தோடு சேர்ப்பதா என்று புள்ளிவிவரக்காரர்கள் தகராறு செய்வார்கள். கையில் பிடிக்கிற எதையும் நான் கைக்கருவி என்றே எடுத்துக்கொள்கிறேன். 1954-இல் ஜெர்மனியில் பிறந்த இந்தக் கருவி உளியின் பாதி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. நாலு அங்குல வீல் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் ஓடும், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். வீலின்மேல் அச்சிட்டிருக்கும் உச்சவரம்பு வழக்கமாக விநாடிக்கு 80 மீட்டர். அகலமான இரும்பை வெட்டுவதற்காகக் கவரைக் கழற்றிவிட்டு ஏழு அங்குல வீலை அதே மிஷினில் மாட்டினால் விளிம்பு வேகம் 100 மீட்டரைத் தாண்டிவிடும். வீல் வெடிப்பதற்கு அதற்குமேல் எந்தத் துரதிர்ஷ்டமும் வேண்டியதில்லை.

விரல் துண்டானால் என்ன செய்வது என்பதைப் பட்டறைச் சுவரில் எழுதிவைக்கலாம். துண்டை ஐஸில் நேரடியாகப் போடக்கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின்மேல் வைக்க வேண்டும். காயத்தின்மேல் காபித்தூளும் கிரீஸும் அப்பக்கூடாது, பெட்ரோலில் கழுவக்கூடாது. நுனி மட்டும் போன விரலை மூடுவதற்கு உலகக் கைமருத்துவ நூல்களில் இருக்கும் முறைகளில் ஒன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் உருவானது. விரலின் பக்கத்துத் தோலை அதன் ரத்தக்குழாய், நரம்போடு சேர்த்து முக்கோணமாகச் சாய்த்து வெட்டி நுனிக்கு நகர்த்தும் அந்த முறையை ஆர். வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் 1980-இல் எழுதினார்கள். உணர்ச்சியுள்ள நுனி கிடைக்கும். இரும்பைத் தொட்டுப் பார்த்துப் பிழைப்பவருக்கு அதுதான் முக்கியம்.

கவனக்குறைவு என்ற முற்றுப்புள்ளி

பட்டறையில் யாருக்காவது அடிபட்டால் சுற்றி நிற்பவர்கள் சொல்வது ஒன்றே: "பாத்து செய்யக் கூடாதா?" அடிபட்டவரும் அதையே சொல்வார். இந்தத் தீர்ப்புக்கு ஒரு புத்தகத்தின் பலமும் உண்டு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த ஹெச்.டபிள்யூ. ஹைன்ரிச் 1931-இல் எழுதிய தொழில்விபத்துத் தடுப்பு நூலில், விபத்துகளில் 88 சதவீதம் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் வருகின்றன, 10 சதவீதம்தான் சூழலால் வருகின்றன, மீதி 2 சதவீதம் தவிர்க்க முடியாதவை என்று கணக்குப் போட்டார். அந்த 88 பாதுகாப்பு வகுப்புகளில் பல தலைமுறைக்கு மந்திரமாக ஓதப்பட்டது. அவர் பார்த்த பதிவுகள் பெரும்பாலும் மேற்பார்வையாளர்கள் எழுதியவை என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். மேற்பார்வையாளர் தன் உளியின் தலையைப் பற்றி எழுதுவாரா?

இதற்கு நேரெதிரான ஒரு முறை தமிழ்நாட்டிலேயே, வேலூரில், வேறொரு நோயை ஆராயும்போது பிறந்தது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சையைத் தொடங்கினார். நிமிர்ந்த கைகளோடு இளைஞர்கள் பிழைக்க வேண்டுமே என்று நவஜீவ நிலையம் என்ற சின்னக் குடியிருப்பை அமைத்துத் தச்சு வேலை பழக்கினார்கள். விரல்கள் குட்டையாவது நோயின் இயல்பு, சதை அழுகி விழும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்ட் அதை நம்ப மறுத்தார். ஒவ்வொரு புதுக் காயத்துக்கும் காரணம் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தார்கள்: எந்தக் கருவி, எப்படிப் பிடித்தான், எப்போது நடந்தது.

காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வலி தெரியாததால் கருவியைத் தேவைக்குமேல் பல மடங்கு இறுக்கிப் பிடிக்கிறார்கள். துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியாதபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். சாவி அவன் விரலை எலும்புவரை அறுத்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. தூங்கப்போகும்போது இருந்த விரல்நுனி காலையில் இல்லாமல் போனதற்குக்கூடக் காரணம் கிடைத்தது: இரவில் எலி கடித்திருந்தது. அதற்குப்பின் பூனை வளர்க்கச் சொன்னார்கள். கருவிகளின் பிடிகள் மாற்றப்பட்டன. காயங்கள் குறைந்தன. தொழுநோயில் விரல் தானாக விழுவதில்லை, கவனிக்கப்படாத காயங்களால் தேய்கிறது என்ற முடிவு உலக மருத்துவத்தையே திருத்தியது.

வேலூரில் நடந்ததைப் பட்டறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பிராண்டின் இளைஞர்கள் கவனமற்றவர்கள் என்று சொல்ல எல்லா முகாந்திரமும் இருந்தது. கையில் உணர்ச்சியே இல்லாதவர்கள். அப்படிச் சொல்லியிருந்தால் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும். காய்ப்பு ஏறிய கொல்லரின் கையிலும் உணர்ச்சி மழுங்கித்தான் இருக்கிறது. கிரைண்டரின் அதிர்வு ஆண்டுக்கணக்கில் ஏறினால் விரல்கள் மரத்து வெளுக்கும். காற்றுச் சுத்தியல் பிடித்த கல்தச்சர்களிடம் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-இலேயே இண்டியானாவில் கண்டது இது. மரத்த கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். "பாத்து செய்" என்பது அந்தக் கைக்கு எட்டாத அறிவுரை.

விரலுக்கு விலைப்பட்டியல்

காயங்கள் எண்ணப்படாததற்குச் சட்டத்திலேயே படிகள் இருக்கின்றன. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் துகள் தெறிக்கும் வேலைக்குக் கண்கவசம் கொடுக்க வேண்டும் என்று 35-ம் பிரிவில் தெளிவாகச் சொன்னது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேர், மின்சாரம் இல்லாமல் 20 பேர் வேலைசெய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-இன் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்த வாசற்படியை 20 ஆகவும் 40 ஆகவும் உயர்த்தியது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நாட்டில் சராசரி நிறுவனம் எவ்வளவு பெரியது? 2013-14-இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில் 5.85 கோடி நிறுவனங்களில் 13.13 கோடிப் பேர் வேலைசெய்தார்கள். நிறுவனத்துக்கு இரண்டு பேருக்குச் சற்றே மேல். பழைய படியே எட்டாத உயரம்தான்.

படியைத் தாண்டியவர்களிடமும் 48 மணி நேரம் வேலைக்கு வராமல் போனால்தான் விபத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் கணக்கு. உளிச்சில்லு பட்டவன் மறுநாளே வேலைக்கு வந்துவிடுகிறான்.

பழைய இழப்பீட்டுச் சட்டம் கதவுக்குள் வந்தது. 1923-இல் வந்த அந்தச் சட்டம், மின்விசை கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் கூலிக்கு வேலை செய்பவரை ஆள் எண்ணிக்கை பார்க்காமலே ஏற்றது. அதன் அட்டவணையைப் படிக்கும்போது கறிக்கடைப் பலகை நினைவுக்கு வந்தால் குற்றமில்லை: கட்டைவிரல் முழுதும் போனால் உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ 7, ஆள்காட்டி விரலில் எலும்பு போகாமல் நுனி மட்டும் போனால் 5. மறுகண் நன்றாக இருக்க ஒரு கண்ணின் பார்வை போனால் 30. மாதம் 15,000 ரூபாய் கூலியும் 30 வயதும் உள்ளவருக்கு ஆள்காட்டி விரல் போனால், கூலியில் 60 சதவீதம், வயதுக்கான காரணி 207.98, இழப்பு 14 சதவீதம் என்று பெருக்க, 2 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய் வரும். சிறு பட்டறை முதலாளியிடம் அவ்வளவு இராது. கேட்பவரும் பெரும்பாலும் மைத்துனரோ அண்ணன் மகனோ. உலைக்கு முன் நிற்கும் முதலாளிக்கே விரல் போனால் இந்தச் சட்டத்தில் அவருக்கு இடமே இருந்ததில்லை, ஏனென்றால் அவர் யாருக்கும் தொழிலாளி அல்ல.

பூஜைக்கு முந்தின நாள்

ஆண்டில் ஒருநாள் பட்டறையின் எல்லாக் கருவிகளும் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சம்மட்டி, சுத்தியல், கொறடு, உளி, அரம், ஸ்பேனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வரிசையாக அடுக்குவார்கள். மறுநாள் திருநீறும் சந்தனமும் குங்குமமும் ஏறும். கிரீஸ் போன பிறகுதான் காம்பின் விரிசல் தெரியும், உளித்தலையின் சுருண்ட ஓரம் தெரியும். அன்றைக்குச் சாணையும் சும்மாதான் இருக்கிறது. பாதுகாப்பு வாரம், சுவரொட்டி, உறுதிமொழி எல்லாம் பெரிய ஆலைகளுக்கு; பட்டறைக்கு இருக்கிற ஒரே ஆய்வுநாள் இதுதான், அதை மேஸ்திரி தனக்குத் தெரியாமலே நடத்திவருகிறார். வேலூரில் செய்ததுபோல் அன்றைக்குச் சுவரில் ஒரு பட்டியல் தொங்கினால் போதும்: இந்த ஆண்டு யாருக்கு, எந்தக் கருவியால், எப்படி.

அரசின் உதவி வேறு வடிவில் வருகிறது. 2023 செப்டம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம், கொல்லர் உட்பட 18 தொழில்களுக்குக் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் ஒதுக்கியது. குலத்தொழிலை நிலைநிறுத்தும் திட்டம் என்று மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 50,000 ரூபாய் வரை மானியம். குலத்தைப் பற்றிய அந்த வாதத்தில் மாநிலத்தின் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். கருவியைப் பார்க்கும் பார்வையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஒருமுறை வாங்கினால் முடிந்தது என்றுதான் இரண்டும் எண்ணுகின்றன. சுத்தியல் காம்பும் கண்கவசமும் கிரைண்டர் வீலும் தேய்ந்து தீரும் பொருள்கள், கரியைப் போல. மானியத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் இவற்றுக்கென்று ஒதுக்கலாம். கிங்பின் தட்டுவதற்கு ஒரு பித்தளைத் தண்டு கொடுக்கலாம்; பித்தளை நசுங்குமே தவிர சில்லாகத் தெறிக்காது.

வாங்கும் இடத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் அரம் கேட்டால் அரம் மட்டும் வரும், வால் மொட்டையாக, கூராக. பிடி தனி விலை. பில் போடும்போது குறைக்க முடிகிற முதல் பொருள் அந்தப் பிடிதான். பட்டறையில் வாலுக்குத் துணியைச் சுற்றிக்கொள்வார்கள். லேத்தில் சுழலும் வேலைமேல் அரம் பிடிக்கும்போது சக் தட்டினால் வால் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு போகும். அரத்தின் பல்லுக்கும் கடினத்துக்கும் இந்தியத் தர நிறுவனம் விதி வைத்திருக்கும்போது, பிடியோடு சேர்த்தே விற்க வேண்டும் என்று ஒரு வரி கூட்டுவதற்குப் புது ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்.